கிளிப்பா, ஹோஸா, பைப்பா? பழைய வேனில் கூலன்ட் ஒழுகும்போது எதற்குச் செலவு செய்வது

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இட்லி மாவு பாக்கெட் போடும் நண்பர் ஒருவரிடம் 2009 மாடல் மாருதி ஆம்னி வேன் இருக்கிறது. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, எட்டு மணிக்குள் நாற்பது கடைகளைச் சுற்றியாக வேண்டும். கொஞ்ச நாளாக வண்டி நின்ற இடத்தில் பச்சையாக ஈரம். இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் ஒழுகுகிறது. மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினார். முதல் ஆள், "கிளிப் லூஸ், முப்பது ரூபா வேலை" என்றார். இரண்டாமவர், "ஹோஸ் எல்லாம் போச்சு, செட்டாக மாத்திடுங்க" என்றார். மூன்றாமவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இரும்பு பைப்பே அரிச்சிருக்கு, எல்லாத்தையும் இறக்கணும்" என்றார்.

மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர்கூட ஹோஸைக் கழற்றிப் பார்க்கவில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஓர் இணைப்பு என்பது மூன்று பொருள் சேர்ந்தது: உள்ளே பைப்பின் வாய், அதன்மேல் ரப்பர் ஹோஸ், அதைச் சுற்றி இறுக்கும் கிளிப். ஒழுகும்போது நம் கண்ணுக்குத் தெரிவது கிளிப்பும் ஹோஸின் வெளித்தோலும்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டிய பைப் வாய், ஹோஸுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் எதை மாற்றுவது என்று முடிவு செய்வது சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி.

ஆம்னி, ஈக்கோ மாதிரி வண்டிகளில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் வண்டியின் மூக்கில். இரண்டுக்கும் நடுவே இரும்பு பைப்பில் தண்ணீர் பயணிக்கும் தூரம் அதிகம். சாலைச் சேறும் மழைத்தண்ணீரும் அடியிலிருந்து வந்து அடிக்கும். துரு பிடிக்க வேறென்ன வேண்டும்?

முதலில், ஒழுகுவது இணைப்புதானா?

இதற்கு ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் பெரிய அட்டை ஒன்றைப் போடுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே பாருங்கள். ஓடும்போது காற்று சொட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால், ஓட்டிவிட்டு வந்த உடனே தேடினால் தவறான இடம்தான் கண்ணில் படும். சூட்டில் தண்ணீர் ஆவியாகி, கூலன்ட் சாயம் மட்டும் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்த மாதிரி ஒட்டியிருக்கும். அந்தத் தடத்தின் மேல்முனைதான் ஊற்று.

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. பம்ப்பின் சீல் போனால் அதன் வழியாகத்தான் சொட்டும், வழிந்து வந்து பக்கத்து ஹோஸில் தொங்கும். ஹோஸை மாற்றிவிட்டு, "புது ஹோஸும் ஒழுகுது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். பட்டறையில் கைப்பம்ப் வைத்து ரேடியேட்டருக்கு அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு, அதாவது 0.9 என்றிருந்தால் அதற்கு மேல் போகாமல், ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே செய்யலாம், கை சுடாது. மூடியின் ரப்பரையும் அதே கையோடு பாருங்கள். இந்தக் கட்டுரையிலேயே மலிவான வேலை அதுதான்.

எதை வைத்து முடிவு செய்வது

எனக்கு நான்கு அளவுகோல்கள்.

ஒன்று, பைப் வாயின் நிலை. மேலே சொன்னதுதான்.

இரண்டு, வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்? பதினைந்து வருடம் முடிந்த சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனது. பசுமை வரி தனி. நம் மாவு நண்பர் 2024இல் அதைக் கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டார். இவ்வளவு கொடுத்தவர் ஆறு மாதம் தாங்கும் ஒட்டு வேலை செய்துகொள்வதில் அர்த்தமில்லை. வரும் தீபாவளிக்குள் விற்கப் போகிறவர் கதை வேறு.

மூன்று, வண்டி நின்றால் என்ன நஷ்டம்? வீட்டு வண்டி நின்றால் ஆட்டோவில் போகலாம். மாவு வண்டி நின்றால் மாவு புளிக்கும். ஓசூரிலிருந்து பூ ஏற்றிக்கொண்டு கே.ஆர். மார்க்கெட்டுக்கு வரும் வண்டி நாற்பது கிலோமீட்டரில் ஓர் இடத்தில் நின்றால் அன்றைய சரக்கு அவ்வளவுதான்.

நான்காவதை நம் ஊருக்காகவே சொல்ல வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 97இலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அடைத்து வைத்திருக்கும் அழுத்தம்தான் அந்தக் கொதிநிலையை இன்னும் இருபது டிகிரி போலத் தூக்கிப் பிடிக்கிறது. இணைப்பு ஒழுகினால் போவது ரெண்டு சொட்டுத் தண்ணீர் மட்டுமல்ல, அந்த அழுத்தமும் போகிறது. கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறப்பதே 82 டிகிரிவாக்கில். சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நின்றால் அதற்கும் கொதிநிலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சீக்கிரம் தீர்ந்துபோகும். "தினமும் அரை லிட்டர் ஊத்தி ஓட்டிக்கிறேன்" என்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் சூட்டில் ஒரு தரம் வளைந்தால் ஹெட் கேஸ்கெட், லேத்தில் முகம் எடுக்கும் கூலி, இறக்கி ஏற்றும் கூலி எல்லாம் சேர்ந்து, ஹோஸ் செட்டின் விலையைப் பல மடங்கு தாண்டும்.

வழி 1: கிளிப்பை மட்டும் பார்ப்பது

மலிவான வழி, சில சமயம் இதுவே சரியான வழி. எப்போது? ஹோஸ் அமுக்கினால் ஸ்பான்ஞ்ச் மாதிரி தொளதொளவென்று இல்லை, முனையில் வெடிப்பு இல்லை, ஒழுகல் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வருகிறது என்றால். ரப்பரும் இரும்பும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. ராத்திரி குளிரில் சுருங்கியதும், கிளிப் தளர்வாக இருந்தால் வழிவிடும். டிசம்பர், ஜனவரி காலையில் மட்டும் சொட்டுகிற வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை.

கிளிப்பிலும் ரகம் இருக்கிறது. திருகு கிளிப் எல்லோருக்கும் தெரிந்தது. கம்பெனியிலிருந்து வரும் பல வண்டிகளில் ஸ்பிரிங் கிளிப் இருக்கும். அதைப் பார்த்ததும் "இது பழைய டைப்பு" என்று கழற்றி வீசிவிட்டுத் திருகு கிளிப் போடும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பிரிங் கிளிப் ஹோஸ் விரிந்தால் விரிந்து, சுருங்கினால் சுருங்கி, எப்போதும் ஒரே பிடி பிடிக்கும். அதன் பிடி தளராத வரை அதுவே நல்லது. திருகு கிளிப் அப்படித் தானாக ஒத்துப்போகாது. புதிதாகப் போட்டால், வண்டி ரெண்டு மூன்று தரம் சூடாகி ஆறிய பிறகு, ஆறிய நிலையில் இன்னும் கால் சுற்று இறுக்க வேண்டும். அதைச் செய்யச் சொல்லி அனுப்பும் மெக்கானிக் நல்ல மெக்கானிக்.

கிளிப் உட்காரும் இடமும் முக்கியம். பைப் வாயில் மேடாக ஒரு வளையம் இருக்கும். கிளிப் அந்த மேட்டின்மேல் உட்காரக்கூடாது, அதைத் தாண்டி உள்பக்கம் இருக்க வேண்டும். ஹோஸின் விளிம்பிலிருந்து நாலைந்து மி.மீ. விட்டு.

மறைந்திருக்கும் செலவு: பலத்தைக் காட்டி இறுக்குவது. திருகு கிளிப்பின் பல் இடுக்கில் ரப்பர் பிதுங்கி வெட்டுப்படும். இன்றைக்குச் சொட்டு நிற்கும், அடுத்த மாதம் அதே வரியில் ஹோஸ் கிழியும். ரேடியேட்டரில் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் மூக்கின்மேல் இப்படி இறுக்கினால் மூக்கே நசுங்கும். இரண்டு தரம் இறுக்கியும் நிற்கவில்லை என்றால் கிளிப் குற்றவாளி இல்லை. அடுத்த வழிக்குப் போங்கள்.

வழி 2: ஒழுகும் ஹோஸை மட்டும் மாற்றுவது

ஒரே ஒரு ஹோஸ் உரசிக் கிழிந்தது, எலி கடித்தது, போன வருடம்தான் மற்றதெல்லாம் மாற்றினோம். இந்த மூன்றில் ஒன்று என்றால் இந்த வழி சரி. பெங்களூருவில் எலிக்குப் பஞ்சமில்லை.

மற்றபடி, ஒரு ஹோஸ் வயசாகிப் போயிருந்தால் அதே நாளில் பிறந்த மற்றவையும் வயசானவைதான். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூலன்ட் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர். அது உள்ளிருந்து கெடும். கூலன்ட், இரும்பு, ரப்பர் மூன்றும் சேர்ந்து சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்ய, முனைகளில் ரப்பரின் உட்பக்கம் மயிரிழைக் கீறல்கள் விழும். வெளியே பளபளவென்று இருக்கும். அதனால் வெளித்தோலைப் பார்த்து ஏமாறாதீர்கள். வண்டி ஆறியதும் கிளிப்பை ஒட்டி ரெண்டு அங்குலத்துக்குள் விரலால் அமுக்குங்கள், பிறகு நடுப்பகுதியை அமுக்குங்கள். முனை மட்டும் மெத்தென்று இருந்தாலோ, உள்ளே வாய்க்கால் மாதிரி தட்டுப்பட்டாலோ அதன் காலம் முடிந்தது.

மறைந்திருக்கும் செலவு மூன்று. ஒவ்வொரு தடவையும் கூலன்ட் இறங்கும், ஏறும். இப்படித் தவணையில் மாற்றினால் கூலன்டுக்கும் கூலிக்கும் தவணையில் கொடுப்பீர்கள், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் வியாபாரம் போகும். இரண்டாவது, நேர் ஹோஸை வெட்டி வளைத்துப் போடும் வேலை. வளைவுள்ள இடத்தில் அச்சில் வார்த்த வளைவு ஹோஸ்தான் வேண்டும். நேர் ஹோஸை வளைத்தால் மடிந்து, தண்ணீர் ஓட்டத்தை நெரிக்கும். ஒழுகல் நின்று ஹீட் ஆரம்பிக்கும்.

மூன்றாவது எல்லாவற்றையும்விட மோசம்: பழைய ஹோஸைத் திருகிப் பிடுங்குவது. பதினைந்து வருட ரப்பர் பைப் வாயோடு ஒட்டிப்போயிருக்கும். பிளேயர் போட்டுத் திருகினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மூக்கு கையோடு வரும். எனக்கே வந்திருக்கிறது. முந்நூறு ரூபாய் ஹோஸ் மாற்றப்போய் ரேடியேட்டர் வாங்கினேன், அன்றைக்கு மாலை வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம். எப்படியும் தூக்கி எறியப் போகிற ஹோஸ்தானே. பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்து எடுங்கள். அலுமினிய மூக்காக இருந்தால் கீறல் விழாமல் மெதுவாக.

புது ஹோஸ் ஏறவில்லை என்று கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவுவதும் தவறு. அந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறிப் பருத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். கொஞ்சம் கூலன்டே போதும்.

வழி 3: ஹோஸ் முழு செட், கிளிப்போடு

பத்து வருடம் தாண்டிய வண்டி, முன்பு எப்போது மாற்றினார்கள் என்று தெரியாது, இன்னும் சில வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு இதற்கே. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பைபாஸ் ஹோஸ், இருந்தால் ஹீட்டர் ஹோஸ் இரண்டு. பைபாஸ் ஹோஸ் சின்னது, கை எட்டாத இடத்தில் இருக்கும், அதனாலேயே "அது பரவாயில்லை சார்" என்று விடப்படும். பிறகு அதுதான் நடுவழியில் விடும். எல்லாம் இறங்கியிருக்கும் நாளில் அதையும் மாற்றச் சொல்லிக் கூடவே நில்லுங்கள்.

பொருள் வாங்க ஜே.சி. ரோடுதான். கம்பெனி பொருளுக்கும் லோக்கலுக்கும் விலை இரண்டு மடங்குகூட வித்தியாசப்படும். ஹோஸில் நான் கம்பெனி பக்கம், அல்லது பெயர் தெரிந்த தயாரிப்பாளர் பக்கம். வெட்டு முனையைப் பாருங்கள். ரப்பருக்கு நடுவில் நூல் பின்னல் தெரிய வேண்டும். நூல் இல்லாத ஹோஸ் அழுத்தத்தில் பலூன் மாதிரி உப்பும். சிவாஜிநகர் குஜிலியில் பழைய பொருள் வாங்குவது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு, ஆனால் ரப்பரை அங்கே வாங்கமாட்டேன்.

சிலிகான் ஹோஸ் போடலாமா என்று கேட்கிறார்கள், நீலக் கலரில் அழகாக இருக்கிறதே என்று. வெப்பம் நன்றாகத் தாங்கும், வருடக்கணக்கில் உழைக்கும், அது உண்மை. ஆனால் மெத்தென்ற பொருள். ஓட்டை போட்ட பட்டையுள்ள சாதாரணத் திருகு கிளிப் அதை அறுத்துவிடும், உட்பக்கம் வழவழப்பான பட்டை உள்ள கிளிப் வேண்டும். ஆயில் பட்டால் கெடும். பழைய ஆம்னியில் ஆயில் படாத இடம் எங்கே இருக்கிறது? அதன் சுவர் வழியாகத் தண்ணீர் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவும் செய்யும், மட்டம் இறங்கும், ஒழுகலைத் தேடிப் பைத்தியம் பிடிக்கும். 796 சி.சி. இன்ஜினுக்கு இது தேவையில்லை.

ஹீட்டர் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வேனில் ஹீட்டர் இருந்து, அதன் ஹோஸ்தான் ஒழுகுகிறது, பெங்களூருவைத் தாண்டிப் போவதில்லை என்றால், இரண்டு ஹோஸ் வாயையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரைத் தண்ணீர்ச் சுற்றிலிருந்து எடுத்துவிடலாம். வாய் இரண்டையும் அடைத்துவிடாமல் இணைப்பதுதான் பாதுகாப்பு, ஓட்டம் தடைபடாது. ஊட்டிக்கு ராத்திரிப் பயணம் போகும் வழக்கம் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். கண்ணாடியில் பனி மூடும்போது ஹீட்டரின் அருமை தெரியும்.

மறைந்திருக்கும் செலவு: காற்று. முழுச் சுற்றையும் காலி செய்து நிரப்பும்போது நீளமான பைப்பில் காற்று சிக்கும். சிக்கினால் சூடு காட்டும் முள் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும். நிரப்பும் வாய் மற்ற எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, மெதுவாக ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறிய பிறகு மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். அவசரப்படும் பட்டறையில் இது நடக்காது. அரை நாள் என்று சொன்னால் முழு நாளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வழி 4: பைப்பையே சரி செய்வது

ஹோஸை உரித்தாயிற்று. இப்போதுதான் அந்த வாய் தெரிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். மேல் துரு போய் வழவழப்பான இரும்பு வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, வழி 3 போதும். சின்னச் சின்னக் குழிகளாக, அம்மைத் தழும்பு மாதிரி இருந்தால் எந்தக் கிளிப்பும் அதை அடைக்காது, தண்ணீர் குழிகள் வழியே நடந்து வெளியே வரும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். டங் என்றால் உயிர் இருக்கிறது. பொத் என்று உள்ளே போனால் பேச்சே இல்லை.

இந்த நிலைக்கு முக்கியக் காரணம் வெறும் தண்ணீர். கூலன்ட் காசு மிச்சம் என்று வருடக்கணக்காக போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டிகள்தான் முதலில் இங்கே வரும். உப்புத் தண்ணீர், ஆக்சிஜன், சூடு. இரும்பு உள்ளிருந்து மெலியும்.

இங்கே மூன்று கிளைகள்.

*பித்தளை ஒட்டு.* முனை மட்டும் கெட்டிருந்தால், கெட்ட பகுதியை வெட்டிவிட்டு அதே வெளிவிட்டமுள்ள புதுத் துண்டை வைத்து கேஸ் வெல்டிங்கில் பித்தளை ஓட்டி ஒட்டலாம். நல்ல கை இருந்தால் பல வருடம் நிற்கும். நிபந்தனை, மீதி பைப் தடிமனாக இருக்க வேண்டும். உள்ளே மெலிந்த பைப்பில் நெருப்பைக் காட்டினால் ஓர் ஓட்டையை அடைக்கப்போய்ப் பக்கத்தில் இரண்டு திறக்கும். இன்னொன்று, புதுத் துண்டின் வாயிலும் அந்த மேடான வளையம் வேண்டும். மொட்டை வாயில் ஹோஸ் மாட்டினால் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரு நாள் நழுவிக் கழன்று, மொத்தக் கூலன்டும் ஒரு நிமிடத்தில் சாலையில் இருக்கும். லேத் பட்டறையில் சொன்னால் வாயைத் தட்டி மேடு எடுத்துத் தருவார்கள்.

*நடுவில் வெட்டி ஹோஸ் போடுவது.* ஓட்டை விழுந்த நடுப்பகுதியை வெட்டிவிட்டு அங்கே ஒரு துண்டு ஹோஸும் இரண்டு கிளிப்பும். வேகமான வேலை. ஆனால் ஒழுக்கு இல்லாத இடத்தில் இரண்டு புது இணைப்புகளை உண்டாக்குகிறீர்கள், அதுவும் மொட்டை வாயோடு. விற்கப் போகிற வண்டிக்குக்கூட இதைச் செய்ய எனக்கு மனசு வராது, வாங்குகிறவரும் நம்மைப்போல ஒருவர்தானே.

*புது பைப்.* கம்பெனி பைப் கிடைத்தால் அதுதான். வளைவு, மேடு, பிடிக்கும் பட்டை எல்லாம் சரியாக உட்காரும். கிடைக்காவிட்டால் பீனியா பக்கம் ஸ்டெயின்லெஸ் பைப் வளைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. பழைய பைப்பையே மாதிரியாகக் கொண்டுபோங்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள். வளைவில் பைப் நசுங்காமல் வளைக்கிறார்களா என்று கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் போட்ட பிறகு வெறும் தண்ணீரில் ஓட்டக்கூடாது. அலுமினிய ஹெட்டும் ரேடியேட்டரும் இருக்கும் சுற்றில் வேற்று உலோகம் வந்தால் கூலன்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துதான் காவல்.

வீட்டுக் குழாய்ச் சாமான்களை மட்டும் வேண்டவே வேண்டாம். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு கூலன்டோடு சேர்ந்து சேறாகும். சி.பி.வி.சி. பைப் 93 டிகிரிக்குத்தான். ஒரு வண்டியில் குளியலறை எல்போ போட்டு ஓட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர் பெருமையாகத்தான் காட்டினார்.

நடுவழியில் நின்றால்

இது தனி. மஞ்சள் தூளை ரேடியேட்டரில் போடும் லாரிக்காரர்களின் வைத்தியம், கடையில் விற்கும் லீக் அடைப்பான், எல்லாம் ரேடியேட்டரின் ஊசித்துளைக்குச் சில சமயம் பலிக்கும். அசைந்துகொண்டே இருக்கும் ஹோஸ் இணைப்புக்குப் பலிக்காது. போட்ட தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களில் படிந்து வேறு தொல்லை தரும். எம்-சீல், ஈரமும் துருவும் உள்ள பைப்பில் ஒட்டாது. ஹோஸ் கிழிந்தால் சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி, இழுத்து இறுக்கிச் சுற்றி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, தண்ணீர் நிரப்பி, மெதுவாக அடுத்த பட்டறை வரை போகலாம். அவ்வளவுதான் அதன் ஆயுள். தொப்பூர் கணவாய் ஏறுவதற்கு முன்னால் என்றால் ஏறாதீர்கள், சேலம் பக்கமே நில்லுங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும்.

கீழே சிந்திய கூலன்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கும், அது விஷம்.

ஒரே பார்வையில்

| வழி | எப்போது சரி | கைச்செலவு | தெரியாமல் வரும் செலவு |
|---|---|---|---|
| கிளிப் மட்டும் | குளிரில் மட்டும் சொட்டு, ஹோஸ் உறுதி | சில பத்து ரூபாய் | அதிகம் இறுக்கி ஹோஸ் வெட்டுப்படுவது |
| ஒரு ஹோஸ் | உரசல், எலிக்கடி, மற்றவை புதுசு | சில நூறு | திரும்பத் திரும்பக் கூலன்ட், உடையும் ரேடியேட்டர் மூக்கு |
| முழு செட் | வயசு தெரியாத ஹோஸ்கள், இன்னும் சில வருட ஓட்டம் | ஆயிரங்களில் | ஒரு நாள் வேலை, காற்று சிக்குவது |
| பித்தளை ஒட்டு | முனை மட்டும் அரிப்பு, மீதி தடிமன் | பட்டறைக் கூலி | மெலிந்த பைப்பில் புது ஓட்டை |
| புது பைப் | நடுவிலும் அரிப்பு, வண்டியை விடப் போவதில்லை | இருப்பதிலேயே அதிகம் | பொருள் கிடைக்கக் காத்திருக்கும் நாட்கள் |

யாருக்கு எது

அல்சூரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் என்றால் வழி 3க்குக் குறைந்து பேச்சில்லை, பைப்பில் சந்தேகம் இருந்தால் வழி 4. மஞ்சள் போர்டுக்கு எட்டு வருடத்துக்குப் பிறகு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வருடாவருடம். அதற்கு வண்டியை நிறுத்தும் நாட்களிலேயே இதையும் முடிக்கலாம். சீட்டுக்கு அடியில் கொதிக்கும் தண்ணீர், சீட்டுக்கு மேல் குழந்தைகள், இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் பூ வண்டிக்கும் முழு செட்தான், இருப்பாக ஒரு மேல் ஹோஸும் இரண்டு கிளிப்பும் சீட்டுக்குப் பின்னால் கிடக்கட்டும். வாரம் ஒரு முறை கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போகும் வீட்டு வண்டி, அடுத்த வருடம் விற்கப் போகிறீர்கள், பைப் வாய் சுத்தம் என்றால் ஒரு ஹோஸோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாவு நண்பரின் வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரித்தோம். இரண்டாம் மெக்கானிக்கும் மூன்றாமவரும் பாதிப் பாதி சரி. ஹோஸ்கள் எல்லாமே முனையில் மெத்தென்று இருந்தன. இரும்பு பைப்பில் ஒரு வாய் மட்டும் குழி விழுந்திருந்தது, மீதி தட்டினால் டங் என்றது. அந்த வாய்க்குப் பித்தளை ஒட்டு, ஹோஸ் முழு செட், புது மூடி, டிஸ்டில்ட் வாட்டர் கலந்த கூலன்ட். திங்கள் காலை மாவு போகவில்லை, செவ்வாய் போனது. மூன்றாம் நாள் அவர் மறக்காமல் எல்லாக் கிளிப்பையும் கால் சுற்று இறுக்கினார்.

ஒரு வாரம் கழித்து ராத்திரி அட்டை போட்டு, காலையில் எடுத்துப் பார்த்துவிட்டு போன் செய்தார். "அண்ணா, பச்சை ஒரு சொட்டு இல்லை. ஆனா கறுப்பா ரெண்டு சொட்டு இருக்கே?"

அது இன்ஜின் ஆயில். அதற்கு அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.